வண்டிச் சக்கரம் செய்யக் கொடுக்கலாமா? சிங்கம்புணரிப் பக்கத்துப் பட்டறையில் செய்து வாங்கிய அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாடு பூட்டி ஓட்டப் போகிற வண்டிக்கு மரச் சக்கரம் வேண்டும் என்றால் இங்கே தாராளமாகக் கொடுக்கலாம். அடுத்த மாதமே வேண்டும் என்கிறவர்கள் இங்கே போக வேண்டாம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், மரம் காய்ந்துவிட்டது என்று மனசுக்குப் பட்டால் ஒழிய இவர்கள் உளியைக் கையில் எடுப்பதில்லை.

எங்கள் வீட்டில் இருப்பது கூண்டு வண்டி. ஆடி மாதம் சொந்தபந்தங்களோடு வண்டி கட்டி அழகர்கோயிலுக்குப் போகிற வழக்கம் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்து ஊர்கள் சிலவற்றில் இன்னும் விட்டுப்போகவில்லை, எங்கள் ஊரும் அதில் ஒன்று. வழியில் தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, பதினெட்டாம்படிக் கருப்பரைக் கும்பிட்டுவிட்டு அதே வண்டியில் வீடு திரும்ப வேண்டும். அதனால் சக்கரம் என்பது எங்களுக்குத் திண்ணையில் சாத்திவைக்கிற அழகுப் பொருள் இல்லை. அண்டா குண்டானையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு தார்ச்சாலையிலும் கண்மாய்க்கரையிலும் நாள் முழுக்க உருள வேண்டும். பழைய சக்கரங்கள் அப்பா காலத்தவை, வெளி விளிம்பில் வரும் வளைந்த மரத்துண்டான வட்டை இற்றுப்போய், நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடுகிற ஆரக்காலைக் கையால் பிடித்து ஆட்டினாலே ஆடியது. நடுவில் வேறொரு இடத்தில் (பெயர் வேண்டாம்) தயாராகக் கிடைத்த ஒரு ஜோடியை வாங்கிப் போட்டோம். பெயின்ட் பளபளவென்றுதான் இருந்தது. சித்திரை வெயில் வந்ததும் வட்டைக்கும் வட்டைக்கும் நடுவே விரல் நுழைகிற அளவு இடைவெளி விட்டு, விளிம்பைச் சுற்றி இறுக்கியிருக்கும் இரும்புப் பட்டா தனியாகக் கழன்று சாலையில் படுத்துவிட்டது. பச்சை மரத்தில் செய்து விற்றிருக்கிறார்கள். இதை விரிவாகச் சொல்லக் காரணம், மரச் சக்கரம் வாங்குகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நடப்பது இதுதான், அப்புறம் "மரச் சக்கரமே இப்படித்தான்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

சரி, பட்டறைக்கு வருகிறேன். திருப்பத்தூரிலிருந்து சிங்கம்புணரி போகிற வழியில், சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. போர்டு கிடையாது. பெயரையும் எண்ணையும் போட வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டதால் போடவில்லை, அந்தப் பக்கம் பந்தய வண்டி வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் கைகாட்டிவிடுவார்கள். வயதான ஆசாரி, அவர் மகன், இரும்பு வேலைக்கு ஒரு கொல்லாசாரி, இவ்வளவுதான் ஆட்கள். தச்சு வேலையும் கொல்லு வேலையும் ஒரே கூரையின் கீழ் நடப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. மற்ற இடங்களில் மரத்தை ஒருவர் முடித்துக் கொடுப்பார், பட்டா போட வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நாளைக்குப் பட்டா கழன்றால் தச்சர் கொல்லரைக் கைகாட்டுவார், கொல்லர் மரத்தைக் குறை சொல்வார். இங்கே அந்தப் பேச்சே இல்லை.

போனதும் பெரியவர் கேட்ட முதல் கேள்வி, "வண்டி ஓடப் போகுதா தம்பி, இல்ல வீட்டு வாசல்ல நிக்கப் போகுதா?" நிற்கிற சக்கரம் என்றால் கையில் இருக்கிற மரத்தில், குறைந்த விலையில், சீக்கிரமாகச் செய்து தந்துவிடுகிறார்கள். ஓட்டல்காரர்களும் ரிசார்ட்காரர்களும் சுவரில் மாட்டவும், கண்ணாடி போட்டு மேசையாக்கவும் வாங்கிப் போகிறார்களாம். அதில் பாரம் ஏற்றாதீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லித்தான் விற்கிறார்கள். ஓடுகிற சக்கரம் என்று சொன்னால் பேச்சே மாறிவிடுகிறது. வண்டியின் எடை, மாட்டின் உயரம், எந்த மாதிரிப் பாதை, பழைய இருசு (அச்சு) என்ன கனம் என்று வரிசையாகக் கேட்டார். பழைய சக்கரத்தில் ஒன்றைக் கொண்டு வரச் சொன்னார், அதன் குடத்தை (இருசு நுழைகிற நடுக்கட்டையை) புரட்டிப் பார்த்து எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதை வைத்தே வண்டி ஒரு பக்கம் சாய்ந்து ஓடியிருக்கிறது என்று சொல்லிவிட்டார். இருசு வளைந்திருந்தது. அதை நிமிர்த்தாமல் புதுச் சக்கரம் போட்டால் அதுவும் வீண் என்று, சக்கரத்துக்கு முன்னாலேயே இருசைச் சரி செய்து கொடுத்தார்கள்.

மரம் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் போகிற இடமும் ஏமாறுகிற இடமும் அதுதான். ஆரக்காலுக்கும் வட்டைக்கும் நாட்டுக் கருவேலம். கண்மாயில் காடாக மண்டிக் கிடக்கிற சீமைக்கருவேலம் இல்லை, அது விறகுக்கும் கரிமூட்டத்துக்கும்தான் ஆகும் என்பது பெரியவரின் கருத்து. நாட்டுக் கருவேலத்தில் முற்றிய மரத்தைத் தேடி வாங்கி, வெளியே இருக்கிற வெள்ளைக் கட்டையை முழுக்கக் கழித்துவிட்டு, உள்ளே சிவந்த சேகை (முற்றிய உள்மரத்தை) மட்டும் எடுக்கிறார்கள். வெள்ளைக் கட்டையை விட்டுவைத்தால் பூச்சி அரித்துவிடும். வெட்டிய மரத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்து அப்புறம் நிழலில் அடுக்கிக் காயவிடுகிறார்கள். குடத்துக்கு மட்டும் வாகை. அதில் நார் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு ஓடும், அதனால் சுற்றிலும் பன்னிரண்டு துளை போட்டு ஆரக்காலைச் சம்மட்டியால் அடித்து இறக்கினாலும் பிளக்காது. கட்டை பருமனாக இருப்பதால் காய்வதற்கு அதிக நாள் பிடிப்பதும் அதுதான், அவசரப்பட்டு வெயிலில் போட்டால் முகப்பிலிருந்து வெடித்துவிடும் என்று இரண்டு முகப்பிலும் சாணி மெழுகி ஓரமாக உருட்டி வைத்திருந்தார்கள். போன உடனே நான் பார்த்தது அந்தக் குடக்கட்டைகளைத்தான். எப்போதோ யாரோ கேட்கப்போகிற வண்டிக்காக இப்போதே மரத்தை வாங்கிக் காயப்போட்டு வைக்கிற தொழில் இது. சின்னப் பட்டறைக்கு அந்த முதல் முடங்கிக் கிடப்பது லேசான காரியம் இல்லை. விலை ஏன் கூடுதல் என்று கேட்கிறவர்கள் அந்த மூலையைப் போய்ப் பார்க்க வேண்டும்.

ஆரக்காலை ரம்பத்தில் அறுக்காமல் பிளந்து எடுக்கிறார்கள். பிளந்தால் நார் எப்படி ஓடுகிறதோ அப்படியே கட்டை வரும், அறுத்தால் ரம்பம் நாரைக் குறுக்கே வெட்டிவிடும், பாரம் ஏறும்போது அந்த இடத்தில்தான் ஒடியும். வட்டைக்கும் இதே கணக்குதான். நேரான பலகையில் வளைவு வரைந்து வெட்டினால் இரண்டு முனையிலும் நார் குட்டையாகப் போய்விடும் என்று, இயற்கையாகவே வளைந்த கிளையாகப் பார்த்துப் பொறுக்குகிறார்கள். ஒரு சக்கரத்துக்கு ஆறு வட்டை, வட்டைக்கு இரண்டு ஆரக்கால். எல்லாமே கைவேலை என்று நினைத்துவிடாதீர்கள். குடத்தைக் கடைவதற்கு மோட்டார் வைத்த கடைசல் இருக்கிறது, துளையை மின்சாரத் துரப்பணத்தில் தொடங்கி உளியில் முடிக்கிறார்கள். கைவினை என்றால் மோட்டாரே இருக்கக்கூடாது என்று எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம். எனக்கு இதில் எந்தக் குறையும் தெரியவில்லை. ஆரக்காலின் முனை துளைக்குள் எவ்வளவு இறுக்கமாக இறங்குகிறது என்பதுதான் முக்கியம், அந்தக் கடைசி இழைப்பை மகன் கையால்தான் செய்தார், ஒவ்வொன்றையும் அடித்துப் பார்த்து, கழற்றி, மறுபடி சீவி. ஆரக்காலை நட்டுக்குத்தலாக நிறுத்தாமல் துளியளவு சாய்வு கொடுக்கிறார்கள். மாடு நடக்கும்போது வண்டி பக்கவாட்டில் அசையும், குடம் இருசின் மேல் முன்னும் பின்னும் போய் இடிக்கும், அந்த இடியைத் தாங்குவதற்குத்தான் சாய்வு. "நேராக் குத்தினா பார்க்க அழகாத்தான் இருக்கும்ணே, பாரம் ஏறினா அசைஞ்சுக்கிட்டே இருக்கும்" என்றார் மகன்.

பட்டா போடுகிற நாளில் கட்டாயம் போய் நில்லுங்கள். சக்கரம் எத்தனை வருடம் உழைக்கும் என்பதில் பாதி அந்த ஒரு காலைப்பொழுதில் முடிவாகிறது. மரச் சக்கரத்தின் வெளிச்சுற்றை நூல் பிடித்து அளக்கிறார்கள், இரும்பு வளையத்தின் உள்சுற்றையும் அளக்கிறார்கள், வளையம் சக்கரத்தை விடச் சின்னதாக இருக்க வேண்டும். எவ்வளவு சின்னதாக விடுவது என்பதில்தான் தொழிலே இருக்கிறது. ஐந்தடிச் சக்கரம் என்றால் சுற்றளவு பதினைந்தே முக்காலடிக்குக் கொஞ்சம் குறைவு. இரும்பு செக்கச்செவேலென்று பழுக்கும்போது அந்த நீளத்துக்கு ஒன்றரை அங்குலம் போல நீளும். நீண்டிருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் சக்கரத்தின் மேல் இறக்கிவிட வேண்டும். வளையத்தை ரொம்பச் சின்னதாக விட்டால் ஆறும்போது இறுக்கி ஆரக்காலை வளைத்துவிடும், பெரிதாக விட்டால் முதல் கோடையிலேயே கழலும். வட்டைகளுக்கு நடுவே வேண்டுமென்றே மெல்லிய இடைவெளி விட்டிருக்கிறார்கள், பட்டா இறுகும்போது அது மூட வேண்டும் என்பதற்காக. கொல்லாசாரி அளந்தார், பெரியவர் மறுபடி அளந்தார், இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாமல் மூன்றாவது தடவையும் அளந்த பிறகுதான் தீ வைத்தார்கள்.

வளையத்தைக் கல் மேல் கிடத்தி, சுற்றிலும் வரட்டியும் தேங்காய் மட்டையும் அடுக்கி எரித்தார்கள். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பழுக்க வேண்டும் என்று கொல்லாசாரி சுற்றிச் சுற்றி வந்து, தீ குறைந்த பக்கம் மட்டை சேர்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் நாலு பேர் நீள இடுக்கியில் தூக்கிக்கொண்டு வந்து சக்கரத்தின் மேல் போட்டதும் மரம் புகைந்து தீப்பிடித்தது, சம்மட்டியால் சுற்றிலும் தட்டி இறக்கியதும் குடம் குடமாகத் தண்ணீர். தண்ணீர் பட்டதும் இரும்பு சுருங்க, வட்டைகள் ஒன்றையொன்று நெருக்கி, ஆரக்கால்கள் குடத்துக்குள் இன்னும் இறங்குகிற சத்தம் மடமடவென்று கேட்டது. விட்டிருந்த இடைவெளி கண் முன்னாலேயே மூடியது. ஆறு இணைப்பையும் நகத்தால் தடவிப் பார்த்தேன், நகம் எங்கேயும் நிற்கவில்லை. ஆணியோ பசையோ இல்லாமல் இவ்வளவு மரத்துண்டையும் ஒரே பொருளாக்குவது அந்த ஒரு வளையம்தான். இதைக் கணக்குப் போட்டுச் செய்கிற மனிதர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள் என்பதில் எனக்கு உண்மையிலேயே பெருமை. வளையத்தின் முனைகளை முன்பெல்லாம் உலையில் காய்ச்சி அடித்தே ஒட்டவைப்பார்கள், இப்போது வெல்டிங். ஒட்டிய இடத்தை உள்ளேயும் வெளியேயும் நன்றாகத் தேய்த்து மட்டமாக்கியிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், எங்களுக்குச் சரியாகவே செய்திருந்தார்கள்.

ஓட்டிப் பார்த்ததில் எப்படி என்று கேட்டால், கோடை தாண்டியும் பட்டா அசையவில்லை. ஆடிக்கு அழகர்கோயில் போய் வந்தாயிற்று, மேலூர் தாண்டித் தார்ச்சாலையில் வெயிலில் நாள் முழுக்க ஓடியும் ஒரு ஆரக்கால்கூட நெகிழவில்லை. பழைய வண்டியில் கேட்ட லொடலொடப்பு இல்லை, குடம் இருசில் இடிக்கிற அந்த நிதானமான சத்தம் மட்டும்தான். மாடு இழுக்கிற விதத்திலேயே வித்தியாசம் தெரிந்தது, மேட்டில் நின்று எடுக்கும்போது முன்பு போலத் திணறவில்லை. அதில் இருசை நிமிர்த்தியதற்கும் பங்கு உண்டு.

குறைகளையும் சொல்ல வேண்டும். சொன்ன தேதிக்குத் தரமாட்டார்கள், இதை எழுதியே வைத்துக்கொள்ளலாம். நடுவில் எதுவரை வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள நேரில்தான் போக வேண்டும், போனை எடுப்பது அபூர்வம். கணக்கு எழுதித் தருவதில்லை. மரத்துக்கு ஒரு தொகை, இரும்புக்கு அன்றைய எடை விலை, கூலி தனி என்று வாயால் சொல்வதுதான், நீங்களே ஒரு நோட்டில் எழுதி அவரிடம் காட்டிக்கொள்வது நல்லது. சொன்னதற்கு மேலே ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பெயின்ட் வேலை சுமார்தான், பட்டைப்பட்டையாகத் தெரிந்தது, நான் பூச வேண்டாம் என்று சொல்லி வாங்கி வந்து ஊரில் பூசிக்கொள்வதே மேல் என்பேன். வண்டியில் ஏற்றிவிட ஆள் நம்முடையது, சக்கரம் கனம், நாலு பேரைக் கூட்டிப் போங்கள்.

பாரம் அடிக்கிற வேலைக்கு மரச் சக்கரம் வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். மணல், செங்கல், கரும்பு என்று தினமும் ஏற்றுகிறவர்களுக்கு டயர் வண்டிதான் சரி, மாட்டின் கழுத்துக்கு அதுதான் நல்லது. பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநராக இருந்த என். எஸ். ராமசாமி மாட்டு வண்டியைச் சீர்திருத்த வேண்டும் என்று வருடக்கணக்கில் பாடுபட்டதும் மாடு படுகிற சிரமத்தை மனதில் வைத்துத்தான். அந்தப் பேச்சில் இருக்கிற நியாயத்தை மரச் சக்கரத்தின் மேல் உள்ள பிரியத்தால் மறுக்க நான் தயாரில்லை. ஆனால் சீமைக்கருவேல முள் கிடக்கிற கண்மாய்ப் பாதையிலும் சேற்று வயலிலும் பஞ்சர் ஆகாத, உயரமான மரச் சக்கரத்துக்கு இன்றும் வேலை இருக்கிறது. கூண்டு வண்டிக்கும் பந்தய வண்டிக்கும் வேறு எதுவும் பொருந்தாது.

மாட்டுவண்டிப் பந்தயம்தான் இந்தப் பட்டறையைத் தாங்கி நிற்கிறது என்று மகன் சொன்னார். ஜல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடுத்த 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பந்தயம் நின்றபோது வேலையே இல்லாமல் கட்டில் கால் கடைந்து பிழைத்தார்களாம். ஜல்லிக்கட்டுக்கு வழிவிட்ட தமிழ்நாட்டின் 2017 சட்டத்துக்குப் பிறகு மெல்லத் திரும்பி, 2023 மே மாதம் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்று சொன்ன பிறகுதான் தைரியமாக மரம் வாங்கிப் போடுகிறார்கள். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று ஒவ்வொரு பந்தயப் பிரிவுக்கும் சக்கரத்தின் அளவும் கனமும் மாறும். பந்தயச் சக்கரம் மெலிந்த ஆரக்காலோடு லேசாக இருக்கும், கூண்டு வண்டிக்கு அதைக் கேட்காதீர்கள், கேட்டாலும் தரமாட்டார். கோயில் தேர் வேலை இவர்கள் பக்கம் வருவதே இல்லை. திருவாரூர் ஆழித்தேருக்கே திருச்சி பெல் நிறுவனம் செய்த இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்துவிட்டன, அத்தனை ஜனம் நிற்கிற இடத்தில் பாதுகாப்புதான் முக்கியம் என்பதால் அதைத் தப்பு சொல்ல முடியாது. ஒடிசாவில் பூரி ஜகந்நாதர் தேர் மூன்றையும் ஆண்டுதோறும் புதிதாகக் கட்டுகிறார்கள், 16, 14, 12 என்று மொத்தம் 42 மரச் சக்கரம், அட்சய திருதியை அன்று வேலை தொடங்கிவிடும். வருடா வருடம் வேலை உறுதி என்பதால் அங்கே தச்சர் வீட்டுப் பிள்ளைகள் கையில் தொழில் நிலைத்து நிற்கிறது. நம் பக்கம் அப்படி ஒரு கட்டாயம் இல்லை, வண்டி வைத்திருக்கிற நாலு பேர் செய்யச் சொன்னால்தான் உண்டு. அதனால்தான் கேட்டுக்கொள்கிறேன், பழைய சக்கரம் ஆடத் தொடங்கினால் அதை அலங்காரத்துக்கு விற்றுவிட்டு வண்டியை மூலையில் நிறுத்தாதீர்கள். குடம் நன்றாக இருந்தால் ஆரக்காலும் வட்டையும் மட்டும் மாற்றிக்கூடத் தருகிறார்கள், செலவு வெகுவாகக் குறையும்.

பராமரிப்புக்குப் பெரியவர் சொன்னவை: வண்டியை நிழலில் நிறுத்துங்கள், ஈர மண்ணில் சக்கரம் நாள்கணக்கில் நிற்கக்கூடாது, மாதக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதானால் இருசுக்கு முட்டுக் கொடுத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள். கோடையில் நெடுந்தூரம் போவதற்கு முந்தின நாள் கண்மாயிலோ வாய்க்காலிலோ வண்டியை இறக்கிச் சக்கரத்தை நனைத்தெடுங்கள், மரம் ஊறினால் பட்டா இறுகும். வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த வண்டி மைதான் சிறந்தது என்கிறார் பெரியவர், கடையில் விற்கிற கிரீஸும் போடலாம் என்கிறார் மகன். நாங்கள் வண்டி மைதான் போடுகிறோம். எதைப் போட்டாலும் கிளம்பும் முன், சக்கரம் கழலாமல் பிடிக்கிற கடையாணியைத் தட்டிப் பாருங்கள்.

விலையை இங்கே போடவில்லை, இரும்பு விலையும் மர விலையும் மாறிக்கொண்டே இருப்பதால் நான் கொடுத்ததைச் சொன்னால் தவறான கணக்காகிவிடும். பாதி முன்பணம், மீதி பட்டா போடுகிற அன்று. தை பிறந்ததும் பந்தய வேலை குவிந்துவிடுகிறது, ஆவணி புரட்டாசியில் போய்ச் சொல்லிவைத்தால் அடுத்த ஆடிக்குள் கைக்கு வந்துவிடும்.